வீட்டுக்கு ஒரு நோட்டு: குடும்பமாகத் தினமும் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் பால் கணக்கு எழுதாத வீடு நம் ஊர்களில் குறைவு. ‘1½’, ‘1’, ‘வரவில்லை’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். அதன் ஓரத்திலேயே சிலிண்டர் மாற்றிய தேதி, பிள்ளைக்கு ஊசி போட்ட தேதி, ஊரிலிருந்து சித்தப்பா வந்த தேதி. தினமும் எழுதுவது நம் குடும்பங்களுக்குத் தெரியாத பழக்கமே அல்ல. மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

கிழித்துப் போடாமல், கூடவே நான்கு வரி சேர்த்து, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நோட்டில் எழுதினால் எப்படியிருக்கும்? பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் 2021 ஜூனில், ஊரடங்கு நாட்களில் அப்படித் தொடங்கினோம். நான், கணவர், மகள், மகன், மாமியார் என ஐந்து பேர். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. அதற்கு முன்பு 2019இல் ஒருமுறை தொடங்கிப் பதினோரு நாளில் நின்றுபோனது. அது ஏன் நின்றது, இது ஏன் நிற்கவில்லை என்பதை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் நேரம்

நோட்டு வாங்கக் கடைக்குப் போகும் முன்பு ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். எல்லோரும் வீட்டில் இருந்து, விழித்திருந்து, அவசரமில்லாமல் இருக்கும் கால் மணி நேரம் எது? சில வீடுகளில் மாலை விளக்கேற்றிய பிறகு. சில வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காலை நேரத்தை நினைக்கவே வேண்டாம்.

அந்த நேரத்தை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். ‘ஒன்பது மணிக்கு எழுதுவோம்’ என்று வைத்தால் ஒன்பதே காலாகும், பத்தாகும், நாளையாகும். எங்கள் வீட்டில் இரவு சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்ததும் அந்த இடத்தில் நோட்டு வந்து உட்கார்ந்துவிடும். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். ஒருவர் எழுதும்போது மற்றவர் பாத்திரம் கழுவலாம், மாவு கரைத்து வைக்கலாம்.

விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவருக்கு உரிய நான்கு வரியை வெற்றாக விட்டுவிட்டு அடுத்தவர் எழுதட்டும். என் கணவரின் இடம் முதல் இரண்டு மாதம் அப்படியேதான் இருந்தது. ஒருநாள் இரவு அந்த இடத்தில், “கடைக்கு இன்று மூன்று பேர்தான் வந்தார்கள்” என்று ஒரே ஒரு வரி. நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் இரண்டு வரி எழுதினார்.

நோட்டும் பேனாவும்

கோடு போட்ட 192 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். தேதி அச்சிட்ட டைரியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜனவரி வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும்; நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு வெற்றுப் பக்கங்களும் புரட்டும்போதெல்லாம் மனத்தை உறுத்தும். தேதியை நாமே போட்டுக்கொள்ளும் நோட்டில் அந்த உறுத்தல் இல்லை.

மை ஊற்றி எழுதும் பேனா வேண்டாம். ஈரக் கை பட்டாலே எழுத்து கலங்கிவிடும். பால்பாயிண்ட் பேனா தாங்கும். அதை ஒரு முழ நூலால் நோட்டின் முதுகோடு கட்டிவிடுங்கள். ‘பேனா எங்கே?’ என்று தேடப் போய்த் திரும்பி வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போதாதா என்று என் தங்கை கேட்டாள். அங்கே எழுதுவது அடுத்த வாழ்த்துப் படம் வந்ததும் மேலே போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் கையெழுத்து. என் மகன் இரண்டாம் வகுப்பில் ‘ழ’வை மூன்று கோட்டுக்குக் கீழே இழுத்து எழுதுவான். இன்று அப்படி எழுதுவதில்லை. அந்த ‘ழ’ இப்போது எங்கள் முதல் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முதல் வாரம்

பக்கத்தின் மேலே வழக்கம் இருந்தால் பிள்ளையார் சுழி, பிறகு தேதி, கிழமை. கீழே ஒவ்வொருவருக்கும் பெயரின் முதல் எழுத்தும் நான்கு வரியும். நான்கு வரி என்பது உச்சவரம்பு; ஒரு வரி எழுதினாலும் கணக்கில் சேரும். ஐந்தாவது வரிக்கு ஆசை வந்தால் நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசை மிச்சம் இருக்கும்போதே மூடிவைக்கும் நோட்டுதான் மறுநாள் திறக்கப்படும்.

முதல் ஏழு நாளும் பெரியவர்களே முதலில் எழுத வேண்டும். பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து “எழுது, பார்க்கலாம்” என்றால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். அம்மா தன்னைப் பற்றி உண்மையாக ஒன்றை எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குக் கை வரும். நான் முதல் நாள் எழுதியது: “இன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்குத் தெரியும்.” மகள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் நான்கு வரியையும் நிரப்பினாள்.

என்ன எழுதுவது?

புதியவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. என் மகன் ஐந்து நாள் தொடர்ந்து ஒரே வரியை எழுதினான்: “இன்று ஒன்றும் இல்லை.” பொய் சொல்லவில்லை. ஊரடங்கு, வெளியே போகவில்லை, அவனுக்குத் தெரிந்தவரை ஒன்றும் நடக்கவில்லை.

‘உனக்கு இன்று எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நாங்கள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு எழுதிப் போட்டு வைத்தோம். என்ன எழுதுவது என்று தெரியாத அன்று ஒரு சீட்டு எடுக்கலாம். அதில் இருந்தவை: இன்று கையால் தொட்டதில் மிகவும் குளிர்ந்தது எது? யார் வீட்டுக்கு வந்தார்கள், என்ன சொன்னார்கள்? இன்று எது உடைந்தது, எது தீர்ந்தது? இன்று கேட்ட சத்தம் ஒன்று. தெருவில் மாறியிருப்பது என்ன? இன்று வாங்கிய ஒரு பொருளின் விலை.

விலைச் சீட்டை வைத்தவர் என் கணவர். அது எதற்கு என்று முதலில் நினைத்தேன். மூன்று ஆண்டு கழித்துப் பழைய நோட்டில் தக்காளி விலையைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

இந்த வழியில் நமக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் தாம் இறக்கும் காலம்வரை அதை எழுதிவந்தார். எந்தக் கப்பல் வந்தது, அதில் என்ன சரக்கு இருந்தது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார் என்று நடந்ததை நடந்தபடி, அன்றைய பேச்சுத் தமிழில் குறித்தார். அழகாக எழுத வேண்டும் என்ற முயற்சி அதில் தெரியாது. கண்டதும் கேட்டதும்தான் இருக்கும். இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய அதை நாடாத வரலாற்று ஆசிரியர் இல்லை. அவருக்குப் பிறகு அவர் குடும்பத்தில் அடுத்த தலைமுறையும் நாட்குறிப்பு எழுதியது.

ஆறாம் நாள் என் மகன் குளிர்ச்சிச் சீட்டை எடுத்தான். “பானைக்குக் கீழே இருக்கும் மணல். பல்லி அங்கேதான் படுத்திருக்கிறது. அதற்கும் வெயில்” என்று எழுதினான். அதற்குப் பிறகு ‘ஒன்றும் இல்லை’ என்று அவன் எழுதியது மிகக் குறைவு.

சிவப்பு மை வேண்டாம்

2019இல் நாங்கள் தொடங்கியபோது மகள் நான்காம் வகுப்பு. பத்தாம் நாள் “சாயந்திரம் மலை பெய்தது” என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனா எடுத்து ‘மலை’யை வட்டமிட்டு மேலே ‘மழை’ என்று எழுதினேன். பக்கத்தில் இன்னும் இரண்டு பிழை, அவற்றையும் வட்டமிட்டேன். மறுநாள் அவள் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கப் போனாள். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் இந்த விதியை மட்டும் அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள்: இந்த நோட்டில் யாரும் யாரையும் திருத்தக்கூடாது. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, வாக்கியப்பிழை எதையும். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி எழுதினாலும் விடுங்கள். அப்படியானால் பிள்ளை எப்படித் திருந்தும் என்று கேட்பீர்கள். அவள் தவறாக எழுதிய சொல்லை இரண்டு நாள் கழித்து உங்கள் நான்கு வரிக்குள் சரியாக எழுதுங்கள். இரண்டாம் முறை தொடங்கியபோது நான் வேண்டுமென்றே ‘மழை’யை ஒரே வாரத்தில் மூன்று முறை எழுதினேன். நான்காம் முறை மகளின் வரியில் ‘மழை’ தானாகவே வந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு விதி: நோட்டில் படித்ததை வைத்து அன்று இரவே விசாரிக்கக்கூடாது. கணக்கில் பதினெட்டு மதிப்பெண் என்று எழுதியிருந்தால் மூச்சை இழுத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். மறுநாள் வேறு பேச்சோடு பேச்சாக, எங்கே கடினமாக இருக்கிறது என்று கேட்கலாம். எழுதினால் திட்டு விழும் என்று ஒரே ஒருமுறை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு நோட்டில் வானிலை மட்டும்தான் இருக்கும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதில் தயங்கவே கூடாது. யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்பதற்கான சிறு அடையாளம் பிள்ளையின் வரியில் தெரிந்தாலும் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்கள் முன்னால் கேட்க வேண்டாம். தனியே அழைத்து, மடியில் இருத்தி, “எழுதியது நல்லது, உன்மேல் தப்பில்லை” என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை.

கை நடுங்குகிறவர்களுக்கு

அத்தை, அதாவது என் மாமியார், மூன்றாம் வகுப்புவரை படித்தவர். இப்போது கை நடுங்குவதால் பேனா பிடிக்க முடிவதில்லை. “எனக்கு என்ன எழுத இருக்கிறது?” என்று முதல் வாரம் ஒதுங்கியே இருந்தார். பேரனை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, ஆச்சி சொல்லச் சொல்ல எழுதும்படி சொன்னேன். இந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அப்படி வந்தவைதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சொல்கிறவர் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. ஆச்சி ‘பட்டாசல்’ என்றால் ‘ஹால்’ என்று எழுதக்கூடாது. அடுக்களை, அங்கணம், தார்சா எல்லாம் அப்படியே வர வேண்டும். பொருள் தெரியாவிட்டால் பிள்ளை அங்கேயே கேட்டு, ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். “இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை” என்று ஆச்சி சொன்னால் அடித்து எழுத வேண்டும். இந்த நோட்டில் அடித்தல் திருத்தலுக்கு இடம் உள்ளவர் அவர் ஒருவர்தான். கடைசியில் அவர் கைநாட்டோ, கையெழுத்தோ, ஒரு புள்ளியோ வைக்கட்டும். அத்தை ஒரு சின்ன வட்டம் போடுவார். நடுங்கிய வட்டம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாளும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினோம். மகனின் வரி: “தண்ணீர் மூன்றாவது படி வரை வந்துவிட்டது. நான் மணிக்கு ஒருமுறை படியை எண்ணினேன்.” அதற்குக் கீழே ஆச்சி சொல்ல அவன் எழுதியது: “1992இல் ஆற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் தாத்தா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினார். அரிசி தப்பித்தது. கல்யாணப் போட்டோ மரப்பெட்டிக்குள் கீழே இருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை.” முப்பது ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் ஏன் ஒரு கல்யாணப் படம்கூட இல்லை என்று என் கணவருக்கே அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

எழுதி மூடிவைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. வாரத்தில் ஒருநாள் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்பது நல்லது. அப்பாவின் கடை வரியை மகள் வாசிக்கும்போது அப்பா கேட்டுக்கொண்டு இருப்பார். அவருக்கே அது புதிதாக இருக்கும். ‘இதை வாசிக்க வேண்டாம்’ என்று நினைப்பவர் அந்த வரியின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடலாம். குறி இருந்தால் வாசிப்பவர் தாண்டிப் போய்விட வேண்டும். காரணம் கேட்கக்கூடாது.

அன்று வீட்டில் இல்லாதவர் பிறகு படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் தன் முதல் எழுத்தைப் போடட்டும். காந்தியடிகளோடு இருந்த மனு, அவருக்குப் பேத்தி முறை. அவர் தினமும் எழுதிய நாட்குறிப்பைக் காந்தி படித்துவிட்டு ‘பாபு’ என்று கையெழுத்திடுவது வழக்கம். ‘நீ எழுதியதை நான் படித்தேன்’ என்று சொல்ல ஓர் எழுத்து போதும். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனோ வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள். அவர்கள் எழுதி அனுப்பும் நான்கு வரியை யாராவது நோட்டில் கையால் எடுத்தெழுதட்டும்.

காட்ட வேண்டாதவை

குடும்ப நோட்டு வந்துவிட்டால் தனி நோட்டு தேவையில்லை என்று நினைப்பது தவறு. டால்ஸ்டாய் 1862இல் மணம் முடிக்கும் முன்பு தம் பழைய நாட்குறிப்புகளை எல்லாம் மணப்பெண் சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவருக்கு வயது 34, அவளுக்கு 18. தம் கடந்தகால உறவுகளைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்து அவள் நொறுங்கிப்போனாள். அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை. அவர் அதை நேர்மை என்று நினைத்துத்தான் கொடுத்தார்.

மனத்தில் கொதிப்பது, யார்மீதோ உள்ள கோபம், வெளியே சொல்ல முடியாத பயம் இவற்றுக்கு வேறு தாள் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், தங்களை மிகவும் வருத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார். பெயர் வெளியே தெரியாது என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. அந்த எழுத்துக்கு அந்த மறைவு வேண்டும். மகளுக்கு 13 வயதானபோது பூட்டு வைத்த டைரி ஒன்றை நானே வாங்கிக்கொடுத்தேன். சாவி அவளிடம். அதற்குப் பிறகு அவள் குடும்ப நோட்டில் எழுதுவது குறைந்ததா என்றால், இல்லை.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், கல்யாணத்துக்குப் போவோம், சண்டை போட்டுக்கொண்டு யாரும் நோட்டைத் தொடமாட்டோம். விட்டதைச் சேர்த்து எழுதித் தீர்க்க நினைக்காதீர்கள். அன்றைய தேதியைப் போட்டு அன்றையதை எழுதுங்கள். சரஸ்வதி பூஜை அன்று எங்கள் நோட்டும் பாடப்புத்தகங்களோடு பூஜையில் இருக்கும், யாரும் எழுதமாட்டோம். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து, வீட்டிலேயே சின்னவன் முதல் வரி எழுதுவான்.

நோட்டு நிறைந்தபின்

முதுகில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதுங்கள். உள் அட்டையில் எழுதியவர்களின் பெயரும், அந்த ஆண்டு அவர்களின் வயதும். செல்பேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கும்படி நகல் வையுங்கள். ஒரு நகல் எங்கள் தங்கை வீட்டில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகள் அவருக்குப் பின் எண்பது ஆண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1846இல்தான் வெளி உலகுக்குத் தெரியவந்தன. அத்தனைக் காலம் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பியது நம் நல்ல காலம்.

மரப்பெட்டியில், தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கும். ராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க ஓலைச்சுவடிகளுக்குச் செய்ததுபோல நான்கைந்து துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுங்கள். மணம் குறைந்ததும் மாற்றுங்கள். தை பிறந்து பனி விட்டபின் ஒருநாள் நோட்டுகளை வெளியே எடுத்து, நேர்வெயில் படாத இடத்தில் விரித்துக் காற்றாட வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது. ஆளுக்கொரு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவதால் பொழுது சாய்ந்த பிறகுதான் பெட்டியை மூடுகிறோம்.